முன் குறி கழன்று விழுந்தது: வெட்டிய குழல் ரிவால்வரோடு 14 மாதம்

2023 ஆடி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை மதியம். மில் களத்தில் ஆள் யாரும் இல்லை. அப்பாவின் ரிவால்வரைத் தோட்டா இல்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டு எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். துணியிலிருந்து பிரிந்த ஒரு நூல் குழலின் நுனியில் மாட்டியது. மெதுவாகத்தான் இழுத்தேன். சத்தமே இல்லாமல் முன் குறி கழன்று என் மடியில் விழுந்தது. குறி பார்ப்பதற்காகக் குழலின் நுனியில் நிற்கும் துண்டு அது; போலீஸ்காரர்கள் ஃபோர்சைட் என்பார்கள். ஒரு நெல்மணியைவிடக் கொஞ்சம் பெரிய இரும்புத் துண்டு. அதைத் திரும்பக் குழல்மேல் அசையாமல் உட்காரவைக்க எனக்கு 14 மாதம் ஆனது. கிட்டத்தட்ட 37,000 ரூபாய் செலவானது. நடுவில் ஒரு மாதம், சிறைக்குப் போய்விடுவேனோ என்ற பயத்தில் சரியாகத் தூங்கவில்லை. இதையெல்லாம் முன்கூட்டியே எனக்குச் சொல்ல ஆள் இல்லை. தாத்தா காலத்துத் துப்பாக்கியை உரிமத்தோடு வைத்திருக்கும் குடும்பங்கள் நம் பக்கத்தில் இன்னும் இருக்கின்றன. அவர்களில் ஒருவருக்காவது உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் பாபநாசத்துக்கும் திருவையாற்றுக்கும் நடுவே, குடமுருட்டிக் கரையோரம். தாத்தா காலத்திலிருந்து அரிசி மில். அறுவடை நேரத்தில் நெல் கொண்டுவருகிறவர்களுக்கு அன்றன்றைக்கே கையில் பணம் கொடுத்தாக வேண்டும். அந்தப் பணத்தோடு ராத்திரியில் வண்டி ஓட்டி வர வேண்டும். அதற்காகத் தாத்தா வாங்கியதுதான் இந்தப் பாயிண்ட் 32 ரிவால்வர். ஆறு தோட்டா போடலாம். குழல் மூன்று அங்குலம். அப்பா தன் ஆயுளில் அதை ஒருமுறைகூட மனிதர் பக்கம் நீட்டியதில்லை. 2021-ல் அவர் போனதும் முறைப்படி உரிமம் பெற்ற ஒரு கடையில் ஒப்படைத்தேன். வாரிசுச் சான்று, அண்ணனும் தங்கையும் எழுதிக்கொடுத்த சம்மதக் கடிதம், மருத்துவச் சான்று, ஆயுதம் கையாளும் பயிற்சிச் சான்று, போலீஸ் விசாரணை எல்லாம் முடிந்து, 2022 கடைசியில் என் பெயருக்கு உரிமம் வந்தது. அது தனிக் கதை. ஒன்று மட்டும் சொல்கிறேன்: உரிமக்காரர் இறந்துவிட்டால் துப்பாக்கியைப் பீரோவில் பூட்டி வைத்துக்கொண்டு கருமாதி முடியட்டும் என்று நாளைக் கடத்தாதீர்கள். உரிமம் அவரோடு போய்விட்டது. உடனே காவல் நிலையத்திலோ உரிமம் உள்ள கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கிவிடுங்கள்.

மடியில் விழுந்த துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தபோது, அதன் அடிப்பக்கம் மங்கிய சாம்பல் நிறத்தில் இருந்தது. ஊசியால் குத்தியதுபோல் சின்னச் சின்ன ஓட்டைகள். குழலில் அது உட்கார்ந்திருந்த இடத்திலும் அதே சாம்பல் படலம், ஆனால் முழுக்க இல்லை. ஒரு ஓரத்தில் மட்டும். மீதி இடமெல்லாம் பழைய எண்ணெய் கறுத்துப்போய் ஒட்டியிருந்தது. அந்தப் படலம் என்ன சொல்கிறது என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. இப்போது தெரியும்: அது ஈயப் பற்றாசு, அதாவது உருக்கி ஒட்டும் ஈயம்; ஒரு ஓரத்தில் மட்டும்தான் பிடித்திருந்தது. எங்களுடையது வெட்டிய குழல். பெரும்பாலான ரிவால்வர்களில் முன் குறி தொழிற்சாலையிலேயே குழலோடு ஒரே இரும்பாகவோ, காடி எனும் ஆழமான நீளப் பள்ளத்தில் இறக்கி ஆணி அடித்தோ வருகிறது. குழலை வெட்டினால் நுனியோடு அந்தக் குறியும் போய்விடும். அப்புறம் புதிதாக ஒரு துண்டை உருண்டையான குழலின் முதுகில் உட்காரவைக்க வேண்டும். உருண்டையின்மேல் சின்ன இரும்பு, அதுவும் நுனியில், சுடும்போது அதிர்ச்சி அதிகமாக வரும் இடத்தில். உறையிலிருந்து எடுக்கும்போதெல்லாம் மாட்டுவதும் அதுதான். எங்கள் ரிவால்வரில் அந்தத் துண்டு அறுபது வருடம் தாக்குப்பிடித்ததே பெரிய விஷயம்.

அன்றைக்கு எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: கும்பகோணத்தில் பாத்திரம் பற்றவைக்கிறவர் இருக்கிறாரே, ஐந்து நிமிட வேலைதானே. துப்பாக்கியை எடுத்துப்போகக் கூடாது என்ற புத்தி மட்டும் எப்படியோ இருந்தது. அதைப் பூட்டி வைத்துவிட்டு, கழன்ற துண்டை மட்டும் ஒரு தீப்பெட்டியில் போட்டுக்கொண்டு போனேன். அம்மா காலத்திலிருந்து எங்கள் வீட்டுப் பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிறவர் அவர். துண்டைத் திருப்பிப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார். "ஈயம் இதுல ஒட்டவே இல்லம்மா. மேல சும்மா உக்காந்திருக்கு. அடியில அழுக்கோட வச்சு ஊதியிருக்கான்" என்றார். எந்தச் சாமானில் இருந்து வந்தது என்று கேட்டார். சொன்னேன். தீப்பெட்டியை மூடி என் கையில் வைத்தார். "துப்பாக்கின்னா நான் தொட மாட்டேன். நீங்களும் வேற எந்தப் பட்டறைக்கும் எடுத்துட்டுப் போயிடாதீங்க."

அந்த மனிதருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். ஆயுதச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு துப்பாக்கி செய்வதற்கும் விற்பதற்கும் மட்டும் உரிமம் கேட்பதில்லை. பழுது பார்ப்பதற்கும் கேட்கிறது. லேத் பட்டறைக்காரர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும், பழுது பார்க்கும் உரிமம் இல்லாமல் அதில் கை வைத்தால் குற்றம். 2019-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அதற்குத் தண்டனை குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். தெரிந்த பையன், நம்ம ஊர்க்காரன் என்று கொடுத்து அவன் வாழ்க்கையையும் கெடுத்துவிடாதீர்கள். ஒரு சின்னத் துண்டுதானே என்று நாமே வீட்டில் பசை வாங்கி ஒட்டுவதும் வேண்டாம்.

சரி, உரிமம் உள்ள கடைக்கே போவோம் என்று பக்கத்து மாவட்டத்தில் ஒரு கடைக்குப் போனேன். வாங்கி வைத்துக்கொண்டார்கள், ரசீது கொடுத்தார்கள், ஆறு வாரம் கழித்துக் கூப்பிட்டார்கள். 2,500 ரூபாய். பார்க்க அழகாக இருந்தது. என்ன முறையில் வைத்தீர்கள் என்று நான் கேட்கவே இல்லை. வேலை தெரிந்தவர்களிடம் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று ஒரு எண்ணம். பெண்பிள்ளை துப்பாக்கிக் கடையில் நின்றுகொண்டு நுணுக்கம் பேசினால் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சமும் இருந்தது. அந்தக் கூச்சத்தின் விலைதான் மீதி எல்லாம்.

நவம்பரில் ஒரு ரைபிள் கிளப் பயிற்சித் தளத்தில் அனுமதி வாங்கிச் சுட்டுப் பார்த்தேன். முதல் ஆறு சரியாகப் போனது. அடுத்த சுற்றில் ஐந்தாவது தோட்டா, அதாவது மொத்தத்தில் பதினொன்றாவது. சுட்டுவிட்டுக் குறி பார்க்கத் திரும்பத் தூக்கினால் குழலின் முனை மொட்டையாக இருக்கிறது. முன் குறி எங்கேயோ பறந்துவிட்டது. தளத்துப் பையன்கள் இரண்டு பேரும் நானும் மண்ணைச் சலித்துப் பார்த்தோம். கிடைக்கவில்லை. குழலின்மேல் பளபளப்பாக ஒரு பசைத் தோல் மட்டும் மிச்சம். நகத்தால் உரித்தால் பிலாஸ்திரி மாதிரி வந்தது. இரண்டு குழம்பைக் கலந்து ஒட்டும் பசையை எண்ணெய் முழுக்கப் போகாத இரும்பின்மேல் தடவி ஒட்டியிருக்கிறார்கள். வீட்டு மிக்ஸி மூடிக்கு அது போதும். ஒவ்வொரு குண்டுக்கும் பின்னால் உதைத்து மேலே துள்ளும் குழலின் நுனிக்குப் போதாது. அதுவும் குழல் குறுகியது என்றால் துப்பாக்கியின் முன்பக்க எடை குறைவு, துள்ளல் அதிகம். துடைக்கும் எண்ணெயும் கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்தில் ஊறி இறங்கும். தாத்தா காலத்துத் துண்டு போய்விட்டதே என்று அன்றைக்குக் காரில் வரும் வழியெல்லாம் அழுதேன். இரும்புத் துண்டுக்காக அழுதேனா அப்பாவுக்காக அழுதேனா, தெரியவில்லை.

பழைய துண்டு கையில் இருந்தால் அதன் உயரம், அகலம், நீளத்தை வெர்னியரால் அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நான் எடுக்கவில்லை. புதிய குறிக்கு எவ்வளவு உயரம் வேண்டும் என்று அப்புறம் எல்லோரும் என்னைத்தான் கேட்டார்கள்.

இரண்டாவது கடை பெரியது. அங்கே இருந்தவர் ரிவால்வரைக் கையில் வாங்கியதும் முன் குறியைப் பார்க்கவில்லை. குழலின் வாயைப் பார்த்தார். குழலின் பக்கவாட்டில் இருந்த ஆங்கில எழுத்து வரிசை பாதியில் அறுந்திருப்பதைக் காட்டினார். "இது வெட்டின குழல்மா. யார் வெட்டினது? எப்ப வெட்டினது? பேப்பர் இருக்கா?" எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறந்ததிலிருந்து நான் பார்த்தது இந்த நீளத்தைத்தான். துப்பாக்கிக் குழலை உரிமம் இல்லாமல் குறுக்குவது சட்டத்தின் 6-ஆவது பிரிவில் தனிக் குற்றம் என்றும், தண்டனை முன்னே சொன்ன அதே 7 ஆண்டிலிருந்து ஆயுள் வரை என்றும் அவர் சொன்னார். மிரட்டவில்லை, நல்லபடியாகத்தான் சொன்னார். ஆனால் பேப்பர் இல்லாமல் தொட மாட்டேன் என்றார்.

நான் வெட்டவில்லை. அப்பாவும் வெட்டியிருக்க மாட்டார். ஆனால் அதை எப்படி நிரூபிப்பது? உரிமப் புத்தகத்தில் வகை, எண், குழலின் உள்விட்ட அளவு இருந்ததே தவிர, குழல் நீளத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வீட்டுக்கு வந்து தாத்தாவின் தகரப் பெட்டியைக் கவிழ்த்தேன். பட்டா, கிஸ்து ரசீது, மில் கணக்கு, பாட்டியின் கல்யாணப் பத்திரிகை. நான்கு ராத்திரி தேடினேன். ஐந்தாவது ராத்திரி, 1958-ஆம் வருடக் கணக்கு நோட்டின் அட்டைக்குள் மடித்துச் செருகியிருந்தது, மதராஸ் கடை ஒன்றின் பில். துப்பாக்கி எண், குழல் மூன்று அங்குலமாகக் குறைக்கப்பட்டது, முன் குறி மறுபடி பொருத்தப்பட்டது என்று மை மங்கிய கையெழுத்தில் இரண்டு வரி. ஆயுதச் சட்டம் 1959-இல் இயற்றப்பட்டு, 1962 அக்டோபர் 1-ல்தான் நடைமுறைக்கு வந்தது. இது அதற்கு முன்னால், உரிமம் உள்ள கடையிலேயே நடந்த வேலை. அந்தக் காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு விடியும்வரை ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தேன்.

பில்லின் நகலோடு ஒரு மனு எழுதி, கலெக்டர் அலுவலகத்தில் ஆயுத உரிமம் பார்க்கும் பிரிவில் கொடுத்து, ஒப்புகை வாங்கினேன். விசாரித்து, கோப்பில் சேர்த்துக்கொள்ள ஐந்து வாரம் ஆனது. இந்த ஐந்து வாரத்தை நான் வீணாக நினைக்கவில்லை. உங்களிடம் பழைய துப்பாக்கி இருந்தால் இன்றைக்கே குழல் நீளத்தைப் பாருங்கள். வெட்டின அடையாளம் தெரிந்தால் – எழுத்து அறுந்திருப்பது, வாய் விளிம்பு சொரசொரப்பாக இருப்பது, குறி தனியாக ஒட்டவைத்ததுபோல் இருப்பது – அதற்கான பழைய காகிதத்தைத் தேடி எடுத்து, ஒரு வக்கீலிடம் காட்டி, அவர் சொல்கிறபடி அலுவலகத்தில் பதிவு செய்துவிடுங்கள். பிரச்சினை வந்தபிறகு தேடுகிற காகிதம் ஒன்று, வருவதற்கு முன்னால் கொடுக்கிற காகிதம் வேறொன்று. காகிதம் இல்லை என்றால் பழுது பார்க்கும் பேச்சை நிறுத்திவிட்டு முதலில் வக்கீல்தான்.

இரண்டாவது கடையில் இந்தத் தடவை கேட்டேன். ஈயப் பற்றாசு வைத்து ஒட்டி, அப்புறம் குழல் முழுவதும் புதிதாகக் கறுப்பேற்றித் தருகிறோம் என்றார்கள். 7,000 ரூபாய். 2024 பிப்ரவரியில் வாங்கிவந்தேன். புதுப் பாத்திரம்போலக் கருநீலமாக மின்னியது. மூன்று வாரத்தில் முன் குறியின் அடிவிளிம்பில் வெள்ளையாகப் பூத்தது, தரையில் உப்புப் பூப்பதுபோல. துடைத்தேன், மறுபடி பூத்தது. அப்புறம் அதே கோட்டில் செம்பழுப்பாகத் துரு. மார்ச் முதல் வாரத்தில் விரலால் தொட்டால் குறி ஒரு மயிரிழை ஆடியது.

என்ன நடந்தது என்பதை அப்புறம் மூன்றாவது இடத்தில் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கறுப்பேற்றும் வேலையில் ஒரு முறை, காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் கலந்த கரைசலை 140 டிகிரி வாக்கில் கொதிக்கவைத்து அதில் இரும்பை முக்குவது. அந்தச் சூடு ஈயப் பற்றாசை உருக்காது. ஈயமும் வெள்ளீயமும் கலந்தது உருக 183 டிகிரியாவது வேண்டும். ஆனால் அந்தக் காரம் ஈயத்தை அரித்துத் தின்றுவிடும். இரட்டைக் குழல் துப்பாக்கிகளில் இரண்டு குழலையும் சேர்த்துப் பிடித்திருப்பது பெரும்பாலும் ஈயப் பற்றாசுதான். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் அவற்றைக் கொதிக்கும் உப்பில் போட மாட்டார்கள். என் ரிவால்வரை முதலில் பற்றவைத்து, அப்புறம் அதே தொட்டியில் முக்கியிருக்கிறார்கள். ஓரத்து ஈயம் கரைந்து, இடுக்கில் உப்பு புகுந்து, உள்ளேயிருந்து துருப்பிடித்துத் தூக்கியிருக்கிறது. ஆகவே ஒட்டும் முறையை மட்டும் கேட்டால் போதாது. ஒட்டிய பிறகு என்ன செய்யப்போகிறீர்கள் என்றும் கேளுங்கள்.

அந்த நேரம் பார்த்து மார்ச் 16-ல் நாடாளுமன்றத் தேர்தல் அறிவிப்பு. ஆயுதங்களை ஒப்படைக்கச் சொல்லிக் காவல் நிலையத்திலிருந்து போன். நம் மாநிலத்தில் ஏப்ரல் 19-ஆம் தேதியே ஓட்டுப்போட்டு முடித்தாலும், நடத்தை விதிகள் ஜூன் முதல் வாரம்வரை இருந்தன. கிட்டத்தட்ட மூன்று மாதம் துருவோடு அது அங்கேயே இருந்தது. ஒப்படைக்கும்போது ரசீதில் 'முன் குறி தளர்ந்துள்ளது' என்று எழுதச் சொல்லி வாங்கினேன். நிலையத்து எழுத்தர் முதலில் யோசித்தார், அப்புறம் எழுதிக் கொடுத்தார். திரும்ப வாங்கும்போது யார் கையில் உடைந்தது என்ற பேச்சே வரவில்லை. கடையில் பழுதுக்குக் கொடுத்திருக்கும் நேரத்தில் தேர்தல் வந்தால், கடைக்காரரிடம் 'இந்த எண் உள்ள ஆயுதம் எங்கள் வசம் உள்ளது' என்று கடிதம் வாங்கி நிலையத்தில் கொடுத்துவிட வேண்டும் என்பதையும் அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

அந்த வருடம் மேட்டூர் ஜூன் 12-ல் திறக்கவில்லை. குறுவை நட்டவர்கள் பம்புசெட்டு வைத்திருந்தவர்கள் மட்டும்தான். மில்லில் வேலை குறைவு. கையில் நேரம் இருந்ததால் விசாரித்து விசாரித்து, திருச்சிப் பக்கம் ஒரு சின்னக் கடையைக் கண்டுபிடித்தேன். பழுது பார்க்கும் உரிமம் சுவரில் மாட்டியிருந்தது. வேலை செய்கிறவர் ஆயுதப்படையில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கிகளைப் பழுது பார்ப்பவராக, இருந்து ஓய்வு பெற்றவர், எழுபதை நெருங்கும் வயது. நான் கதையைச் சொல்லி முடிக்கும்வரை ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. 1958 பில்லையும் ஒப்புகையையும் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டையும் முழுக்கப் படித்தார். அப்புறம்தான் ரிவால்வரைத் தொட்டார்.

"ஏம்மா, மாட்டு வண்டி நேராப் போயிட்டிருக்கும்போது சடக்குனு பின்னால இழுத்தா, மேல உக்காந்திருக்கிறவன் எங்க விழுவான்?" என்று கேட்டார். முன்னால் என்றேன். "அதான். துப்பாக்கி பின்னால உதைக்கும். குறி முன்னால போகப் பாக்கும். ஈயம் மட்டும் புடிச்சு நிறுத்தணும்னா எத்தனை நாளைக்கு? முன்னால ஒரு தடை வேணும். தடை உதையைத் தாங்கும், ஈயம் ஆடாமப் பாத்துக்கும்." எனக்கு 14 மாதத்தில் கிடைத்த ஒரே தெளிவான பேச்சு அதுதான்.

அவர் செய்ததை உட்கார்ந்து பார்க்க அனுமதித்தார். குழலின் முதுகில் நீளவாக்கில், ஒரு மில்லிமீட்டர்கூட ஆழம் வராத ஒரு காடி. அது வாயின் விளிம்புவரை போகவில்லை. கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிட்டது. அந்த மிச்சச் சுவர்தான் தடை. குழலின் சுவர் எவ்வளவு தடிமன் என்று நான்கு இடத்தில் அளந்துவிட்டுத்தான் காடியே வெட்டினார். திருகாணி வைத்தால் என்ன என்று கேட்டேன். "இந்தக் குழலுக்கு அவ்வளவு சதை இல்ல" என்று முடித்துவிட்டார். காடிக்குள் இறுக்கமாக இறங்கும்படி இரும்பில் ஓர் அடித்தண்டு. அதன் அடிப்பக்கம் குழலின் வளைவுக்கு ஏற்ப உட்கார வேண்டும் என்று, குழல் அளவுள்ள ஒரு கம்பியில் எமரித் தாளைச் சுற்றி அரைமணி நேரம் தேய்த்தார். தேய்ப்பார், நீல மை தடவி வைத்துப் பார்ப்பார், மை ஒட்டாத இடத்தைப் பார்த்து மறுபடி தேய்ப்பார். மை முழுக்கப் பரவியபிறகுதான் அடுத்த வேலை. குறி பார்க்கும் தகடு தனி. அது அடித்தண்டின் இடுக்கில் இறங்கி, குறுக்கே ஒரு ஆணியில் நிற்கும். நாளைக்குத் தகட்டை மாற்ற வேண்டுமானால் ஆணியைத் தட்டினால் போதும், குழலைத் தொட வேண்டியதில்லை.

பற்றவைக்கும் வேலையைப் பார்த்தபோது எனக்குக் கும்பகோணத்துக்காரர்தான் நினைவுக்கு வந்தார். அதே வேலை. பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரத்தைத் தூவி, புகை கிளம்பும்போது வெள்ளீயத்தைப் பஞ்சால் இழுத்துப் பூசுவார் இல்லையா, அதேபோல இரண்டு இரும்புக்கும் தனித்தனியாக முதலில் பூச்சு. கறுப்பை முழுக்க உரித்து, அசிட்டோனால் துடைத்து, கை படாமல் எடுத்து, திராவகம் தடவி, சூடாக்கினார். வெள்ளீயம் முதலில் முத்து முத்தாக நின்றது. ஒரு கணத்தில் சட்டென்று படர்ந்து கண்ணாடித் தகடுபோல் ஆனது. "படர்ந்தாத்தான் ஒட்டுச்சுன்னு அர்த்தம். முத்தா நின்னா அது உக்காந்திருக்கு, அவ்வளவுதான்" என்றார். தாத்தாவின் துண்டைப் பார்த்துக் கும்பகோணத்தில் கேட்ட அதே சொல். இரண்டையும் சேர்த்து, பிடியில் இறுக்கி, மறுபடி சூடாக்கியபோது விளிம்பு முழுக்க ஒரு வெள்ளிக் கோடு எட்டிப் பார்த்தது. அவர் எடுத்தது வெள்ளீயத்தில் 3.5 சதவீதம் வெள்ளி கலந்த பற்றாசு. 221 டிகிரியில் உருகும். சாதாரண ஈயத்தைவிட உறுதி, குழலின் இரும்புக்கும் கெடுதல் இல்லை. நகை ஆசாரிகள் வெங்காரம் போட்டுப் பொடி வைத்து ஊதுகிறார்களே, அந்த வெள்ளிப் பற்றவைப்பு இன்னும் உறுதிதானே என்று கேட்டேன். அதற்கு 600 டிகிரிக்குமேல் வேண்டும், அந்தச் சூட்டில் குழலுக்குள் இருக்கும் சுருள் வரிகள் பொரிந்துபோகும், காடி இருக்கும்போது அவ்வளவு பலம் தேவையும் இல்லை என்றார்.

நேராக வைக்க அவர் பெரிய கருவி எதுவும் எடுக்கவில்லை. எதிர்ச்சுவரில் கொத்தனார் தூக்குக்குண்டு ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார். ரிவால்வரின் உடலை வைஸில் மட்டம் பார்த்து நிறுத்தி, பின் குறியின் பள்ளம் வழியாகப் பார்த்து, முன் குறியின் விளிம்பும் குண்டின் நூலும் ஒன்றாகும்வரை தட்டிக்கொண்டே இருந்தார். பற்றவைத்து ஆறியபிறகு திராவகம் மிச்சமில்லாமல் சோடா உப்புத் தண்ணீரால் இரண்டு முறை, வெந்நீரால் இரண்டு முறை கழுவினார். முதல் கடையில் பழைய ஈயத்தைச் சுரண்டியவர் குழலின் வாயில் அரத்தால் ஒரு கீறல் போட்டுவிட்டிருந்தார். அதையும் கவனித்துச் சரிசெய்தார். குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் இடம் அதுதான், அங்கே ஒரு பக்கம் குறை இருந்தால் குறி எவ்வளவு நேராக இருந்தும் பயனில்லை. கறுப்பேற்றியது துருமுறையில்: மெல்லத் துருப்பிடிக்கவைத்து, வெறும் தண்ணீரில் கொதிக்கவைத்து, கம்பித் தூரிகையால் துடைத்து, மறுபடி. எட்டு நாள் ஆனது. ஈயத்துக்கு எந்தக் கெடுதலும் இல்லை.

தகட்டை வேண்டுமென்றே உயரமாக வைத்திருந்தார். முன் குறி உயரமாக இருந்தால் குண்டு தாழப் போகும். தாழப் போவதை அரத்தால் சரிசெய்யலாம். குட்டையாக வைத்துவிட்டால் குண்டு மேலே போகும், அப்புறம் புதுத் தகடுதான். செப்டம்பரில் பயிற்சித் தளத்தில் 10 மீட்டரில் ஒரு தாங்கியில் வைத்து ஐந்து குண்டு சுட்டோம். கூட்டமாகத்தான் விழுந்தது, ஆனால் குறிவைத்த இடத்துக்கு 12 சென்டிமீட்டர் கீழே. அவர் ஒரு சிகரெட் அட்டையின் பின்பக்கம் கணக்குப் போட்டார். முன் குறிக்கும் பின் குறிக்கும் நடுவே 115 மில்லிமீட்டர். தவறிய தூரம் 120 மில்லிமீட்டர். இரண்டையும் பெருக்கி, சுட்ட தூரமான 10,000 மில்லிமீட்டரால் வகுத்தால் 1.38. அவ்வளவுதான் எடுக்க வேண்டும். ஆனால் ஒரேயடியாக எடுக்கவில்லை. ஒரு மில்லிமீட்டர் எடுத்துவிட்டு மூன்று குண்டு. அப்புறம் நான்கு இழுப்பு, மூன்று குண்டு. அப்புறம் இரண்டு இழுப்பு. கடைசி மூன்றும் வட்டத்துக்குள் விழுந்தபோது அவர் அரத்தைப் பையில் போட்டுவிட்டுத் தேநீர் கேட்டார். அந்தக் கணக்கைச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. குழல் குறுகக் குறுக இரண்டு குறிகளுக்கும் நடுவே உள்ள தூரமும் குறைகிறது; ஒரு மயிரிழை வித்தியாசமும் தூரத்தில் பெரிதாகத் தெரியும். நீளக் குழலுக்குப் பரவாயில்லை என்று விடுகிற சாய்வை இதில் விட முடியாது.

மூன்றாவது இடத்தில் 11,500 ரூபாய் கொடுத்தேன். முதல் இரண்டு கடைக்கு 9,500. வாடகைக் கார் எட்டு நடைக்கு 10,400. துப்பாக்கியோடு பேருந்தில் போக எனக்கு மனம் வரவில்லை. தளத்துக்கும் தோட்டாவுக்கும் 5,600. ஒவ்வொரு நடையிலும் அசல் உரிமம் கையில், ரிவால்வர் காலியாகப் பூட்டிய பெட்டியில், தோட்டா தனிப் பையில். வழியில் இரண்டு முறை சோதனை நடந்தது. இரண்டு முறையும் காகிதத்தைப் பார்த்து மரியாதையாக அனுப்பிவிட்டார்கள். கொடுக்கும்போதும் வாங்கும்போதும் ரசீதில் துப்பாக்கி எண்ணை நானே வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்தேன். ஒரு கடையில் ஒரு இலக்கம் மாறி எழுதியிருந்ததை அப்படித்தான் பிடித்தேன்.

அக்டோபரில் ரிவால்வரை என்னிடம் கொடுத்தபோது ஆர்மரர் ஒன்று செய்தார். அடித்தண்டும் குழலும் சேரும் இடத்தில், இரண்டின்மேலும் படும்படி, வெள்ளைப் பெயின்ட்டில் ஊசிமுனையால் ஒரு கோடு இழுத்தார். தலைமுடி அளவுதான். "துடைக்கிறப்பல்லாம் இதைப் பாரும்மா. கோடு ஒண்ணா இருந்தா குறி அசையல. ரெண்டா உடைஞ்சா சுடாம எடுத்துட்டு வந்துரு." இப்போது மாதம் ஒருமுறை, வெள்ளிக்கிழமை மதியம், நூல் பிரியாத பழைய வேட்டித் துணியில் துடைக்கிறேன். போன வாரம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கோடு ஒன்றாகத்தான் இருக்கிறது.